ஆகாயப் பொலிஸும் என் கலியாண வள்ளமும்

குறிகட்டுவான் ஜெற்றியில், வள்ளம் கட்டும் துறையில் நின்றபடியே லண்டன் ஆகாயத்தை ஒழுங்குபடுத்திய மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் ஆகாயப் பொலிஸ். நம்பாதவர்கள் என்னிடம் வந்து கேட்கலாம். அந்த நாளில் புங்குடுதீவின் நுனியில், பஸ் வந்து திரும்பும் இடத்தில், ஒரு தகரக் கொட்டிலுக்குள் கதிரை போட்டு இருந்த டைம்கீப்பர் நான்தான். அவர் செய்தவற்றுள் பலவற்றுக்கு நான் சாட்சி. மிச்சத்துக்கு நான் பலி.

ஆள் அதே தீவின் மடத்துவெளிக்காரர். நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். கொழும்பில் கணிதம் படித்து, லண்டனுக்குப் போய் டொக்டர் பட்டம் எடுத்து, எடுத்த பிறகும் வீடு வந்து சேராமல் அங்கேயே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர். அறுபதுகளின் கடைசியில் தாயாருக்குக் கடும் வருத்தம் என்று செய்தி போக, கப்பலேறி ஓடி வந்தார். மகனைக் கண்டதும் தாயார் படுக்கையை விட்டு எழும்பிக் குசினிக்குள் போய் அடுப்பு மூட்டினார். வருத்தம் மகனுக்குக் கலியாணம் ஆகவில்லையே என்பதுதான். அண்ணையின் கையில் மாதக்கணக்கில் லீவு மிஞ்சிப் போயிற்று.

அடுத்த நாளே தரகர் குடையோடு வந்தார்.

"தம்பி அங்கை படிக்கிறீரோ?"

"இல்லை, படிச்சு முடிஞ்சுது."

"அப்ப உத்தியோகமோ?"

"உத்தியோகம் எண்டும் சொல்லேலாது. பட்டம் எடுத்தாப் பிறகு செய்யிற ஆராய்ச்சி."

"சம்பளம் வருகுதோ?"

"வருகுது. அடுத்த வருஷமும் வருமோ எண்டு அந்த நேரம்தான் சொல்லுவினம்."

தரகர் தேத்தண்ணியைக்கூட முடிக்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு தாயாரிடம் சொன்னார்: "அக்கா, உவர் கரைக்கும் வராமல் கடலுக்கும் போகாமல் நடுவிலை நிக்கிறார். முதல் ஒரு பக்கம் ஒதுங்கட்டும், பேந்து பாப்பம்."

அண்ணைக்கு அதில் கவலையே இல்லை. தரகர் சொன்னதுதான் தன்னுடைய ஆராய்ச்சி என்று என்னிடம் வந்து மகிழ்ச்சியோடு விளக்கினார். லண்டனுக்குப் பிளேன்கள் கூட்டமாக வருகின்றன. இறங்கும் பாதை ஒன்றுதான். மற்றவை எல்லாம் மேலே வட்டமடித்துக்கொண்டு நிற்க வேண்டும். யாரை முதலில் இறக்குவது, யாரைப் பிறகு இறக்குவது, எப்படி இறக்கினால் எல்லாருடைய காத்திருப்பும் சேர்ந்து குறையும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் அவருடைய வேலை.

"வந்த வரிசையிலை இறக்க வேண்டியதுதானே அண்ணை?"

"அங்கைதான் பிழை விடுறீர் காணும். பெரிய பிளேன் போனால் அதின்ரை காத்து பின்னாலை வாற சின்னதைப் புரட்டிப் போடும். அதாலை பெரிசுக்குப் பின்னாலை சின்னன் வந்தால் கனநேரம் இடைவெளி விட வேணும். சின்னனுக்குப் பின்னாலை பெரிசு வந்தால் பிரச்சினை இல்லை."

இதைக் கேட்டுக்கொண்டிருந்த தேத்தண்ணிக் கடைக்காரர் தலையை ஆட்டினார். "எங்கடை பெரிய மோட்டர் லோஞ்சு போற அலையிலை வள்ளம் ஆடுற மாதிரி. அப்ப நீங்கள் ஆகாயத்திலை பொலிஸ் வேலை பாக்கிறியள்."

அன்றோடு அவருடைய சொந்தப் பெயர் தாயாரைத் தவிர எல்லாருக்கும் மறந்து போயிற்று.

ஆகாயப் பொலிஸ் இரண்டு கையிலும் மணிக்கூடு கட்டியிருப்பார். ஒன்றில் லண்டன் நேரம், மற்றதில் எங்கள் நேரம். ஆரும் நேரம் கேட்டால் பெரும்பாலும் லண்டன் கைதான் எழும்பும். அவரிடம் நேரம் கேட்டுவிட்டு "பஸ்ஸுக்குக் கனநேரம் கிடக்கு" என்று ஆறுதலாக வெற்றிலை போட்டு, பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் என்னிடம் வந்து சண்டை பிடித்தார்கள். டைம்கீப்பர் இருக்கிற இடத்தில் இன்னொருவரிடம் ஏன் நேரம் கேட்டீர்கள் என்று நானும் திருப்பிச் சண்டை பிடித்தேன்.

அதைவிட வேடிக்கை, அவர் ஒருநாளும் பிளேனில் ஏறியதில்லை. கேட்டால், "அதுகளை மேலை எப்பிடிக் காக்க வைச்சிருக்கினம் எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சவன் ஏறுவானோ?" என்பார். தண்ணீரிலும் அதே கதைதான். நாலு பக்கமும் கடல் இருக்கிற ஊரில் பிறந்து, நீந்தத் தெரியாமல் வளர்ந்த ஒரே ஆண்பிள்ளை. கப்பலில் வந்த நாட்கள் முழுக்க உயிர்காப்பு அங்கியைக் கழற்றாமல் சாப்பிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார்.

வரிசை எங்கே நின்றாலும் அதைக் கலைத்து அடுக்காமல் அவரால் இருக்க ஏலாது. வீட்டில் தோசை சுட்டால், குறையச் சாப்பிடுகிறவருக்கு முதலில், கூடச் சாப்பிடுகிறவருக்குக் கடைசியில் என்று பலகை போட்டுவிடுவார். சின்னம்மாவின் மகன் ஒருவன் நன்றாகச் சாப்பிடக்கூடியவன். அவன் கடைசிப் பலகையில் இருந்து அழுத அழுகையில் தாயார் தோசைக் கரண்டியோடு எழும்பி வந்தார்.

சலூன் கதை இதைவிட மோசம். தலைமயிர் வெட்டப் போனவர், அங்கே சவரத்துக்கு வந்தவர்கள் காத்திருப்பதைக் கண்டார். சவரத்துக்குக் கொஞ்ச நேரம்தானே, அவர்களை முதலில் விட்டால் காத்திருப்பு மொத்தமாகக் குறையும் என்று எல்லாரையும் தனக்கு முன்னால் விட்டார். அவர்கள் போக இன்னும் சிலர் சவரத்துக்கு வந்தார்கள். அவர்களையும் விட்டார். சலூன்காரர் கடையைப் பூட்டும் வரைக்கும் அவருடைய முறை வரவில்லை. போன தலையோடு திரும்பி வந்து, என் கொட்டிலுக்குள் நுழைந்து மேசையில் தட்டினார்.

"கண்டு பிடிச்சிட்டன் காணும்! ஒருத்தனை எவ்வளவு தூரம் பின்னுக்குத் தள்ளலாம் எண்டு ஒரு எல்லை வேணும். இல்லாட்டி அவன் சாகுமட்டும் ஆகாயத்திலைதான் நிப்பான்!"

அந்த எல்லைதான் பிறகு அவருடைய ஆராய்ச்சியின் நடு நரம்பு ஆயிற்று. சலூன்காரருக்கு அது இன்றைக்கும் தெரியாது.

நாள் முழுக்க என் கொட்டிலில் இருந்து ஜெற்றியைப் பார்ப்பதுதான் அவருக்குப் பொழுது. நயினாதீவிலிருந்தும் நெடுந்தீவிலிருந்தும் லோஞ்சுகளும் வள்ளங்களும் வர வர, முன் வருவது எது, பின் வருவது எது என்று பார்த்துத் தனக்குள் முணுமுணுப்பார். நாளடைவில் தாயாரின் பழஞ்சேலையில் சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று என்று கொடி தைத்துக்கொண்டு ஜெற்றி நுனியில் நிற்கத் தொடங்கினார். முதலில் வள்ளக்காரர்கள் விசர் என்று சிரித்தார்கள். சின்னவற்றை முன்னால் விட்டு லோஞ்சுகளைப் பின்னால் விட்டதில், வள்ளத்தில் வந்த பெண்களின் சேலை நனையாமல் வந்தது. அதற்குப் பிறகு சிரித்தவர்களும் கொடியைப் பார்த்து நின்றார்கள்.

இப்படி வள்ளங்களைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர், ஒருநாள் தேத்தண்ணிக் கடையில் சனம் நிறைந்திருந்த நேரத்தில் என்னைப் பார்த்து உரத்த குரலில் கேட்டார்:

"காணும், உம்மடை காலமை பஸ் சில நாளிலை பிந்திப் போகுது. காத்தும் காரணமில்லை, றைவரும் காரணமில்லை. நயினாதீவு வள்ளத்திலை ஒரு நீலக் குடை வரும். குடை பிந்தின நாளிலைதான் பஸ்ஸும் பிந்துது. அதென்ன?"

கடை முழுக்க என் பக்கம் திரும்பியது. நீலக் குடை இராசமலர் ரீச்சர். நயினாதீவிலிருந்து தினமும் வந்து எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவ. அவவிடம் நான் அதுவரையில் ஒரு சொல்லும் கதைத்ததில்லை. பஸ்ஸைத்தான் நிறுத்தி வைத்திருந்தேன். அன்று பின்னேரத்துக்குள் செய்தி கடல் தாண்டிப் போய்விட்டது.

மலருக்குச் சம்மதம் என்று தெரிய வந்ததும், பெரியப்பா என் தரப்பில் பெண் கேட்டுப் போனார். மலரின் தகப்பனார் கேட்ட கேள்வி தீவு முழுக்கப் பரவியது: "பஸ்ஸையே நேரத்துக்கு விடாதவன், தாலியை நேரத்துக்குக் கட்டுவானோ?"

எப்படியோ ஒப்புக்கொண்டார். முகூர்த்தம் ஆனியின் கடைசி நல்ல நாளில், காலையில். அதைத் தவறவிட்டால் ஆடி வந்துவிடும். ஆடிக்குப் பிறகு அவருடைய மனம் எந்தப் பக்கம் சாயும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம், நான் ஒரு நிமிஷம் பிந்தினாலும் அந்தக் கேள்வி சாகும் வரைக்கும் என்னோடு சாப்பிட இருக்கும் என்பதுதான்.

ஆனி என்றால் சோளகக் காற்று அடித்து வீசுகிற காலம். கடல் கொந்தளிப்பாக இருக்கும். கடைசி முகூர்த்தம் என்றபடியால் அன்றைக்குத் தீவுப்பகுதி முழுக்கக் கலியாணம். பெரிய லோஞ்சு ஒன்றுதான் எங்களுக்குக் கிடைத்தது, மிச்சம் நாலும் சின்ன வள்ளங்கள். பெரியப்பாவோ சொந்தத்தில் ஒருவரையும் விடாமல் சொல்லியிருந்தார். நான் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தபோது ஆகாயப் பொலிஸ் கதிரையை இழுத்துப் போட்டு என் முன்னால் இருந்தார்.

"உம்மடை கலியாணத்தை என்னட்டை விடும். எங்கடை பேராசிரியர், இந்த முறை எங்கையெண்டாலும் சரிவருகுதோ எண்டு காட்டினால்தான் அடுத்த வருஷம் வேலை எண்டு சொல்லிப்போட்டார். ஒரு விமான நிலையமும் என்னைக் கிட்ட விடாது. நீர் விடுவீர்தானே?"

விட்டேன். காதல் வந்தவனுக்குப் புத்தி இருக்குமோ?

அவர் ஓடி ஓடி விசாரித்தார். எந்த வள்ளத்துக்கு எத்தனை பேர், எந்த இயந்திரம் இடையில் இருமும், ஆருக்குக் கடல் ஒத்துவராது, நயினாதீவுத் துறையில் ஒரே நேரத்தில் எவ்வளவு கட்டலாம் என்று எல்லாம் கேட்டார். கடைசியில் திட்டம் வந்தது. சொந்தக்காரர் ஏறிய சின்ன வள்ளங்கள் நாலும் முதலில் போய் ஆட்களை இறக்கும். மாப்பிள்ளையும் மேளமும் கூறைச் சேலையும் ஏறிய லோஞ்சு, அலை எழுப்பி வள்ளங்களைக் குழப்பாமல், கொஞ்சம் தள்ளிக் கடலில் வட்டமடித்து நின்று, கொடி காட்டியதும் வந்து கட்டும். ஒரு துளி நேரம் வீண் போகாது.

கலியாண நாள் காலையில் எல்லாம் அச்சொட்டாக நடந்தது. ஆகாயப் பொலிஸ் விடியவே வழமையான பயணிகள் வள்ளத்தில் கண்ணை மூடிக்கொண்டு கடந்து போய், நயினாதீவுத் துறையில் கொடிகளோடு நின்றார். லோஞ்சின் இயந்திர மணம் பிடிக்காத பெரியப்பா சின்ன வள்ளம் ஒன்றில் ஏறி முதலாவதாகப் போனார். நான் தலைப்பாகையை ஒரு கையால் அமர்த்திப் பிடித்துக்கொண்டு லோஞ்சில் நின்றேன். துறை தெரிகிற தூரத்தில் லோஞ்சு வட்டமடிக்கத் தொடங்கியது. மேளகாரர் வாசித்தார்கள். ஒரு வட்டம் முடிந்தது. இன்னொன்றும் முடிந்தது. வெள்ளைக் கொடி எழும்பவில்லை. தவில்காரர் தவிலை வைத்துவிட்டு லோஞ்சின் ஓரத்துக்குப் போய்க் கடலைப் பார்த்துக் குனிந்தார்.

துறையில் அப்போது நடந்ததை மலரின் தம்பி எனக்குப் பிறகு சொன்னான். அவன்தான் மாப்பிள்ளைத் தோழன். கடல் தாண்டி வருகிற மாப்பிள்ளையைத் துறையிலேயே கால் கழுவி வரவேற்பது அவர்கள் வீட்டு வழக்கம். அதற்காகச் செம்பில் கிணற்றுத் தண்ணீரோடு நின்றிருக்கிறான். வள்ளங்கள் நாலும் வந்து ஒன்றோடொன்று அணைத்துக் கட்டின. ஒருவரும் எழும்பவில்லை.

"இறங்குங்கோ ஐயா, இறங்குங்கோ!" என்று ஆகாயப் பொலிஸ் கொடியை ஆட்டியிருக்கிறார்.

பெரியப்பா சால்வையைத் தோளில் திருத்திப் போட்டார். "மாப்பிள்ளை கால் வைக்காத துறையிலை மாப்பிள்ளை வீட்டார் கால் வைக்கிறதோ? அவன் முதல் இறங்கட்டும்."

"ஐயா, நீங்கள் இறங்கி வள்ளம் விலகினால்தான் மாப்பிள்ளை வரலாம்!"

"மாப்பிள்ளை வந்தால்தான் நாங்கள் இறங்குவம்."

"இடம் இல்லையே ஐயா!"

"மாப்பிள்ளை சனத்தை மிதிச்சு வள்ளம் தாவி வரவும் ஏலாது. மிச்சம் உம்மடை கணக்கு."

மற்ற மூன்று வள்ளங்களும் பெரியப்பாவைப் பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தன. இந்த வழக்கம் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரிந்ததை ஆர் எடுத்துச் சொல்வார்கள்? அவர் இயந்திரத்தின் இருமலைக்கூட விசாரித்தார், இதை விசாரிக்கவில்லை. கலியாணம் பேசும் வயதில் லண்டனில் இருந்துவிட்டார். நானோ அந்த நாட்களில் நீலக் குடையைத் தவிர வேறொன்றும் நினைக்கவில்லை.

பந்தலில் ஐயர் அவசரப்படுத்துகிறார் என்று ஆள் ஓடி வந்தது. அடுத்து மலரின் தகப்பனாரே துறைக்கு வந்து, மணிக்கூட்டைப் பார்த்து, கடலில் சுற்றுகிற என்னைப் பார்த்து, திரும்பவும் மணிக்கூட்டைப் பார்த்தார். ஆகாயப் பொலிஸ் ஜெற்றிப் படியில் இருந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார்.

"அண்ணை, அக்காவின்ரை முகூர்த்தம் போகுது, நீங்கள் சிரிக்கிறியள்!" என்று தோழன் கத்தினான்.

"ஒருத்தர் இறங்காமல் மற்றவர் இறங்கமாட்டினம்! இப்பிடி ஒண்டு எங்கடை கணக்கிலையே இல்லையடா தம்பி! என்ன வடிவான சிக்கல்!" என்றவர் சட்டென்று நிறுத்தினார். "பெரியவர், ஒரு கேள்வி. கால் கழுவினால் மாப்பிள்ளையை வரவேற்றாச்சோ?"

"ஓம், வரவேற்றாச்சு."

"கால் கழுவினாப் பிறகு நீங்கள் இறங்கலாமோ?"

பெரியப்பா யோசித்தார். அவருக்கும் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. "இறங்கலாம்."

"அப்ப மாப்பிள்ளை துறைக்கு வர வேண்டாம். செம்பு மாப்பிள்ளையட்டைப் போகட்டும்!"

வெள்ளைக் கொடி எழும்பியது. எங்கள் லோஞ்சு மெதுவாக வந்து வெளிப்பக்கத்து வள்ளத்தோடு அணைந்தது. அப்போது நான் கண்ட காட்சியை இன்றைக்கும் மறக்கவில்லை. குளிக்கும் தொட்டியைக் கண்டாலும் விலகிப் போகிற மனிதர், செம்பைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, மறு கையால் தோழனை இழுத்துக்கொண்டு, ஆடுகிற வள்ளத்திலிருந்து ஆடுகிற வள்ளத்துக்குக் கால் வைத்து வருகிறார். மாமிமார் மடியிலும் மாமாமார் தோளிலும் மிதித்து வருகிறார். முகம் வெளிறிக் கிடந்தது. வாய் மட்டும் "ஒண்டு முடிஞ்சுது, ஒண்டு முடிஞ்சுது" என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தவில்லை.

லோஞ்சின் விளிம்பில் நான் காலை நீட்ட, தோழன் கழுவினான். வழக்கப்படி நான் அவன் விரலில் மோதிரத்தைப் போட்டேன். பெரியப்பா "அரோகரா!" என்றார். நாலு வள்ளத்துச் சனமும் ஒரே நேரத்தில் எழும்பியது. வள்ளங்கள் குலுங்கின. ஆகாயப் பொலிஸ் கடலுக்குள் விழுந்தார்.

"ஐயோ, எனக்கு நீந்தத் தெரியாது! நீந்தத் தெரியாது!"

நான் குதிக்கப் போனேன். லோஞ்சுக்காரர் என் சால்வையைப் பிடித்து நிறுத்திவிட்டு அவரைப் பார்த்துச் சொன்னார்: "எழும்பி நில்லுங்கோ அண்ணை. இடுப்பளவு தண்ணிதான்."

எழும்பி நின்றார். தலையிலிருந்து தண்ணீர் வழிய, கையில் வெறுஞ் செம்போடு, சுற்றிப் பார்த்தார். பிறகு பழைய குரலில் கத்தினார்: "என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? கரைப்பக்கத்து வள்ளம் முதல்! கெதியா, கெதியா!"

தாலி முகூர்த்தத்துக்குள் ஏறியது. மாமனார் மணிக்கூட்டைப் பார்த்து, "நேரம் சரிதான்" என்றார். அவர் வாயில் அதற்கு மேல் புகழ்ச்சி வந்ததை நான் கண்டதில்லை. மாமனாரின் வேட்டியை உடுத்துக்கொண்ட ஆகாயப் பொலிஸ் பந்தியில் நின்று, குறையச் சாப்பிடுகிறவர்களை முதலில் இருத்தப் பார்த்தார். பெரியப்பா அவருடைய கையைப் பிடித்துத் தனக்குப் பக்கத்தில் இருத்தி, அவருடைய இலையில் தானே சோறு போட்டார்.

அந்த வருஷக் கடைசியில் கப்பலேறி லண்டன் போனார். வேலை நீண்டது. பேராசிரியர்கள் கூடிய சபையில் அவர் எங்கள் கலியாணத்தைக் கோடும் அம்புக்குறியுமாகக் கரும்பலகையில் எழுதிக் காட்டினாராம். எந்த விமான நிலையத்தில் இப்படி நடந்தது என்று அவர்கள் கேட்க, "காத்துக் கூடின, சின்ன நிலையம் ஒண்டு" என்றாராம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் மலரும் நானும் முதன்முதலாகப் பிளேன் ஏறினோம். தோழன் அப்போது லண்டனில் வேலையாகியிருந்தான். அவன்தான் எங்களைக் கூப்பிட்டிருந்தான். லண்டனுக்கு மேலே வந்த பிளேன் இறங்கவில்லை. ஒரு பக்கம் சரிந்து சுற்றியது. திரும்பவும் சுற்றியது. மலர் என் கையை இறுக்கிப் பிடித்தா.

"இஞ்சாருங்கோ, ஏன் இது சுத்துது?"

"ஆரோ ஒரு பெரியப்பா இறங்கமாட்டன் எண்டு இருக்கிறார் போலை."

மலர் சிரித்த சிரிப்பில் முன் கதிரை வெள்ளைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

வெளியே வந்தால், சனக் கூட்டத்துக்கு நடுவில் ஆகாயப் பொலிஸ் நிற்கிறார். தலை நரைத்திருந்தது. இரண்டு கையிலும் மணிக்கூடு இருந்தது. ஒன்று இன்னும் எங்கள் நேரத்தில்தான் ஓடியது. பக்கத்தில் தோழன் வெட்கத்தில் நெளிந்துகொண்டு நின்றான். ஏன் நெளிகிறான் என்று பார்த்தால், ஆகாயப் பொலிஸ் கோட்டுக்குள் இருந்து ஒரு செம்பை எடுத்து அவனிடம் நீட்டினார். தண்ணீர் நிறைய இருந்தது.

"அண்ணை, இஞ்சையோ?" என்றேன்.

"கடல் தாண்டி வாற மாப்பிள்ளைக்குக் கால் கழுவாமல் விடுறதோ? கெதியாய்க் கழற்றும் காணும், பின்னாலை ஆக்கள் நிக்கினம்."

அந்தக் குளிரில், அத்தனை சனத்துக்கு நடுவில், நான் குனிந்து சப்பாத்தைக் கழற்றினேன். உலகத்தில் வேறு ஆர் கேட்டிருந்தாலும் கழற்றியிருக்க மாட்டேன்.